கவிழ்ந்த பிறகு என்ன செய்வீர்கள்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'கடலும் நம் பிள்ளைகளும்' என்ற இன்றைய தலைப்பில் எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதி கயாக் படகு. கயாக் ஓட்டுவது எப்படி என்று நான் விளக்கப் போவதில்லை. துடுப்பை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போட்டால் படகு முன்னே போகும். அதை அரை மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். நான் பேச வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. படகு கவிழ்ந்துவிட்டது. கரை ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இப்போது என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்குத் தண்ணீரில் செய்து காட்டிப் பதில் சொல்ல முடியாதவர், பத்து வருடம் துடுப்புப் போட்டிருந்தாலும் சரி, அவருக்குக் கயாக் தெரியும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதைத் தமிழ் நேயர்களிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் காரணம். உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவர்கள் உபின் தீவில் உள்ள அவுட்வார்டு பவுண்ட் பயிற்சிக்குச் செல்கிறார்கள். அவர்களில் பல குழுக்களுக்குக் கயாக்கும் உண்டு. மக்கள் கழகத்தின் நீர் விளையாட்டு நிலையங்களில் வார இறுதிகளில் இடம் கிடைப்பதே சிரமம். வேலைக்குப் போகும் இளையர்கள் நான்கு பேராகச் சேர்ந்து மெர்சிங், தியோமான், லங்காவி என்று புறப்பட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களோ இரண்டு விதம். "இவனுக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறது, ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது" என்று பள்ளிக்கு விலக்குக் கடிதம் கொடுப்பவர்கள் ஒரு விதம். "என் மகளுக்கு நீச்சல் தெரியும், பயமில்லை" என்று அனுப்பிவைப்பவர்கள் இன்னொரு விதம். முதல் விதத்தாரிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை. இரண்டாம் விதத்தாரோடுதான் எனக்கு வேலை.

நீச்சல் தெரிவது நல்லது. 2010ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்விம்சேஃபர் திட்டத்தின் வழியாக நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நீந்தவும் மிதக்கவும் கற்கிறார்கள், பாராட்ட வேண்டியது. ஆனால் நீச்சல் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, கடலில் தண்ணீர் நடக்கிறது. உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு நீந்தும் ஒருவர் மணிக்கு 2 கிலோமீட்டர் போவதே பெரிது. கயாக்கில் 5 அல்லது 6 கிலோமீட்டர் போகலாம். சிங்கப்பூர் நீரிணையில் சில இடங்களில், சில நேரங்களில், நீரோட்டம் 3 நாட் வேகத்தைத் தொடும். அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். படகில் இருப்பவரே தாக்குப்பிடிப்பது கடினம் என்றால், படகை விட்டுவிட்டு நீந்துபவர் எங்கே போய்ச் சேருவார்? எனவே முதல் பாடம்: கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் படகை விட்டு நீந்தக் கூடாது. படகு பெரியது, மிதக்கும், தேடி வருபவர் கண்ணுக்குத் தெரியும். தண்ணீருக்கு மேலே தெரியும் ஒரு தலை, தேங்காய் அளவுதான்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நடந்ததை உங்களில் பலர் நம் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஜோகூரின் மெர்சிங் வட்டாரத்தில், எண்டாவ் அருகே, ஒரு குழுவாகக் கயாக்கில் போனவர்களில் இரண்டு சிங்கப்பூரர்கள் மற்றவர்களிடமிருந்து பிரிந்து காணாமல் போனார்கள். பல நாள் தேடுதலுக்குப் பிறகு அவர்களுடைய உடல்கள் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், திரெங்கானு கடற்பகுதியில் கிடைத்தன. அதில் யார் மீது குறை என்று ஆராய நான் வரவில்லை. அந்தக் குடும்பங்களின் துயரத்தை மேடைப் பேச்சாக்கவும் விரும்பவில்லை. ஜோகூரில் காணாமல் போனவர்கள் திரெங்கானுவில் கிடைக்கிறார்கள் என்றால் அந்தக் கடல் எந்தத் திசையில் இழுத்தது என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

மேற்கு மலேசியாவின் கிழக்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். வடகிழக்குப் பருவ மழை இல்லாததால் சுற்றுலாப் பயணிகளுக்கு அதுவே நல்ல காலம். ஆனால் அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. நம் முன்னோர் காற்றைத் திசை பார்த்துப் பெயரிட்டார்கள். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். காற்றுக்கு அது வரும் திசையை வைத்துப் பெயர் சொன்னவர்களுக்கு, அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்திருந்தது. இன்று நாம் மணலில் நின்று பார்க்கிறோம். கடல் கண்ணாடி போல இருக்கிறது. முதுகுப் பக்கம் மரங்களும் குன்றுகளும் காற்றை மறைக்கின்றன; காற்று அலையாக எழுவதற்கும் கொஞ்ச தூரம் வேண்டுமல்லவா? "ஆகா, இன்று கடல் அமைதி" என்று இறங்குகிறோம். ஒரு கிலோமீட்டர் வெளியே போகும்வரை காற்று முதுகைத் தட்டிக்கொடுக்கிறது. 'நாம் எவ்வளவு வேகமாக ஓட்டுகிறோம்!' என்று பெருமையாகக்கூட இருக்கும். திரும்பிப் படகைக் கரைப் பக்கம் திருப்பும்போதுதான் அதே காற்று முகத்தில் அறைகிறது. கடலுக்கு இறங்குமுன் பார்க்க வேண்டியது அலையை அல்ல. கரையில் இருக்கும் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். கடலை நோக்கிப் பறந்தால், புதியவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

இதே கதை வேறொரு நாட்டிலும் நடந்திருக்கிறது. 1993 மார்ச் 22ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்கரையில் லைம் பே என்ற இடத்தில், 8 மாணவர்கள், ஓர் ஆசிரியர், 2 பயிற்றுநர்கள் கயாக்கில் கிளம்பினார்கள். ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவருக்கு உதவி செய்துகொண்டிருக்க, மற்றவர் மாணவர்களின் படகுகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நிலத்திலிருந்து வீசிய காற்று அந்தக் கூட்டத்தை அப்படியே கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. குளிர்ந்த நீரில் 4 மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 1995இல், இளையர்களுக்கு இத்தகைய பயிற்சி நடத்தும் நிலையங்களுக்கு உரிமம் வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. ஒருவர் கவிழ்ந்து, மீண்டும் விரைவாக ஏற முடியாமல் போனதிலிருந்து எல்லாம் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். கவிழ்ந்தவரை இரண்டு நிமிடத்தில் படகில் ஏற்றிவிட்டால் அது சிரிப்பதற்கு ஒரு கதை. இருபது நிமிடம் ஆனால் குழு சிதறிவிடும்.

சரி, எப்படி ஏறுவது?

நம் கடற்கரைகளில் இரண்டு வகைக் கயாக் உண்டு. ஒன்று, மேலே உட்காரும் வகை. அது நம் கட்டுமரத்துக்கு உறவுக்காரன் என்றே சொல்லலாம். கட்டுமரத்தில் மேலே ஏறிய தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். இந்தக் கயாக்கிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். கவிழ்ந்தால் பக்கவாட்டில் நின்று, அடிப்பாகத்தின் மேலாகக் கையை நீட்டி, எதிர்ப்பக்க விளிம்பையோ பட்டையையோ பிடித்து, உடம்பின் எடையோடு பின்னால் சாய்ந்தால் படகு நிமிர்ந்துவிடும். பிறகு ஏறுவதற்கு மூன்றே சொல்: வயிறு, பிட்டம், கால். முதலில் காலை நன்றாக உதைத்து உடம்பை நீருக்கு மட்டமாகக் கொண்டுவந்து, வயிறு படகின் குறுக்கே படுமாறு ஏறுங்கள். பிறகு புரண்டு பிட்டத்தை இருக்கையில் வையுங்கள். கடைசியாகக் கால்களை உள்ளே இழுங்கள். பெரும்பாலோர் முதலில் முழங்காலைத் தூக்கி வைக்கிறார்கள். படகு மறுபடியும் அவர்கள் தலைமேல் கவிழ்கிறது. இன்னொன்று: இந்த வகைப் படகின் உள்ளே வெற்றிடம். வடிகால் துளைக்கு ஒரு திருகு மூடி இருக்கும். வாடகைக்கு எடுக்கும்போது அது இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இரண்டாவது, குழிக்குள் கால் நீட்டி உட்காரும் நீளப் படகு. தொலைவுக் கடல் பயணத்துக்கு இதுவே ஏற்றது. தண்ணீர் உள்ளே வராமல் இருக்க இடுப்பில் பாவாடை மாதிரி ஒன்றை மாட்டிக் குழியின் விளிம்போடு இணைப்பார்கள். ஸ்பிரே ஸ்கர்ட் என்று பெயர். இதில் கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்குவீர்கள். பயம் அங்கேதான். பயம் வந்ததும் மனிதர் உடம்பை நிமிர்த்திப் பின்னால் சாய்கிறார். அப்போது வெளியே வருவது கடினமாகிவிடும். செய்ய வேண்டியது நேர்மாறு. முன்னால் குனியுங்கள். ஸ்கர்ட்டின் முன்னால் இருக்கும் வளையத்தைப் பிடித்து முதலில் முன்னோக்கித் தள்ளி, பிறகு படகிலிருந்து விலக்கி இழுங்கள். இரு கைகளையும் இடுப்புக்குப் பக்கத்தில் படகில் ஊன்றிக் கால்சட்டையைக் கழற்றுவதுபோலப் படகைக் கழற்றிவிட்டு மேலே வாருங்கள். மொத்தம் ஐந்தாறு நொடி. அந்த வளையம் துணிக்கு உள்ளே மாட்டிக்கொள்ளாமல் வெளியே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் அதைத் தொட்டுப் பாருங்கள்.

வெளியே வந்ததும் ஒரு கை படகில், ஒரு கை துடுப்பில். வெறும் படகு காற்றில் போகிற வேகத்துக்கு உங்களால் நீந்திப் பிடிக்க முடியாது.

துணைக்கு இன்னொரு படகு இருந்தால் வேலை எளிது. கடலோரத் தமிழர் படகின் முன்முனையை அணியம் என்பார்கள், பின்முனையை அமரம் என்பார்கள். உதவ வருபவர் கவிழ்ந்த படகின் அணியத்தைப் பிடித்து, தம் படகின் குறுக்கே, ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இழுத்துப் போடுவார். நீரில் இருப்பவர் அமரத்தை அழுத்தினால் அணியம் தூக்கிக் கொடுக்கும். தலைகீழாக இருக்கும் படகிலிருந்து தண்ணீர் கொட்டிவிடும். இதைச் செய்யாமல் அப்படியே நிமிர்த்தினால், குழிக்குள் எளிதில் நூறு லிட்டர் தண்ணீர் தங்கிவிடும். நூறு கிலோ ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டது போல! படகை நிமிர்த்தியதும் இரண்டையும் பக்கம் பக்கமாக, ஒன்றின் அணியம் மற்றதன் அமரத்தைப் பார்க்கும்படி வைத்து, உதவுபவர் அந்தப் படகின் மேல் தம் முழு எடையையும் சாய்த்துக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூச்சப்பட்டு விரல் நுனியால் பிடித்தால் இருவரும் கவிழ்வார்கள்.

கையில் பலம் போதாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய அக்காமார், இடுப்பு பருத்த அண்ணன்மார் பயிற்சிக்கு வரும்போது நான் முதலில் கொடுப்பது ஒரு கயிற்று வளையம். அதைப் படகோடு மாட்டி நீருக்குள் தொங்கவிட்டால், குதிரைச் சேணத்தில் கால் வைப்பதுபோல் அதில் மிதித்து ஏறலாம். சில வெள்ளியில் முடியும் காரியம். 'என்னால் ஏற முடியாது' என்று முடிவு கட்டியிருந்தவர்கள் இதன் உதவியால் ஏறி உட்கார்ந்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

தனியாக இருந்தால்? துடுப்பு மிதவை என்று ஒரு காற்றுப் பை விற்கிறார்கள். அதைத் துடுப்பின் ஒரு முனையில் மாட்டி ஊத வேண்டும். துடுப்பின் மறுமுனையைக் குழிக்குப் பின்னால் படகின் குறுக்கே வைத்துப் பிடித்தால், படகுக்கு ஒரு பக்கத் துணை கிடைக்கிறது. அந்தப் பக்கமாகவே ஏறி, பின்தளத்தில் குப்புறப் படுத்து, கால்களைக் குழிக்குள் விட்டு, எடையை மிதவைப் பக்கமே வைத்துக்கொண்டு மெதுவாகப் புரண்டு உட்கார வேண்டும். பிறகு கைப்பம்பால் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. அலையில் செய்து பார்த்தால், மிதவைப் பையை ஊதவே மூச்சு முட்டும். அதனால்தான் சொல்கிறேன்: வீட்டில் படம் பார்த்துக் கற்றதைத் திறமை என்று எண்ணாதீர்கள்.

படகைவிட்டு வெளியே வராமலேயே இடுப்பை வெட்டி நிமிர்ந்துவிடும் உருட்டு வித்தையைப் பற்றி இளையர்கள் கேட்பார்கள். கிரீன்லாந்தின் இன்யுயிட் மக்கள் தந்த கலை அது. கடல்நாய்த் தோல் போர்த்திய படகில் வேட்டைக்குப் போன அவர்களுக்கு, பனிக்கட்டி மிதக்கும் நீரில் இறங்குவது என்பது சில நிமிடங்களில் மரணம். எனவே முப்பதுக்கும் மேற்பட்ட விதங்களில் உருண்டு எழக் கற்றிருந்தார்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு ஒரே ஒரு இரகசியம்: தலை கடைசியில்தான் மேலே வர வேண்டும். மூச்சுக்காகத் தலையை முதலில் தூக்கினால் படகு மறுபடியும் கவிழும். நல்ல கலை, கற்கலாம். ஆனால் களைத்துப்போய்க் கவிழ்ந்தவருக்கு உருட்டு பல சமயம் கைகொடுப்பதில்லை. மேலே சொன்ன ஏறும் முறைகளை முதலில் கற்றுவிட்டு அதற்குப் போங்கள்.

நம் கடல் நீர் 28, 30 பாகை வெப்பத்தில் இருக்கிறது, குளிர் நமக்குப் பகையில்லை என்று சொல்வார்கள். பாதி உண்மை. மனித உடம்பு 37 பாகை. பல மணி நேரம் நீரில் கிடந்தால் இந்த நீரும் சூட்டை உறிஞ்சிவிடும். அதற்கு முன்பே வெயிலும் தாகமும் ஆளைச் சாய்த்துவிடும்.

சுமத்ரா காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமத்ரா தீவின் பக்கமிருந்தும் மலாக்கா நீரிணையிலிருந்தும் வரிசை கட்டி வரும் இடிமழை அது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலை வேளையிலும் வரும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நாம் கயாக்கில் கிளம்புவதும் அதே காலை வேளையில்தான்! மேற்கே கறுத்த வில் போல மேகம் தெரிந்து, திடீரென்று குளிர்காற்று பட்டால், 'இன்னும் கொஞ்சம் போய்விட்டு வரலாம்' என்ற பேச்சே வேண்டாம். வானிலை ஆய்வு நிலையத்தின் மழை ராடார் படம் இப்போது எல்லார் கைப்பேசியிலும் கிடைக்கிறது. கரையில் இருக்கும்போதே பாருங்கள்.

கொண்டுபோக வேண்டியவை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிர்காப்பு அங்கி உடம்பில் இறுக்கமாக இருக்க வேண்டும். யாராவது தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அது காதுவரை ஏறக் கூடாது. விசில் அங்கியிலேயே கட்டியிருக்க வேண்டும். கைப்பேசி நீர்புகாப் பைக்குள், உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். படகோடு கட்டிவைத்தால் படகு போகும்போது அதுவும் போகும். தொலைவுப் பயணம் என்றால் குழுவில் ஒருவரிடமாவது வி.எச்.எஃப் வானொலிக் கருவி வேண்டும். அதில் 16ஆம் அலைவரிசை ஆபத்துக்கானது. தூரத்தில் படகு தெரிந்தால், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தி உயர்த்தித் தாழ்த்துங்கள். அது உலகம் முழுவதும் புரியும் ஆபத்துச் சைகை. வேகமாகக் கையாட்டினால் 'ஹலோ' சொல்கிறீர்கள் என்று நினைத்து அவர்களும் கையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் காத்திருக்காமல் அவர் 999ஐ அழைக்க வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதே எண்தான்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்று. பிள்ளையைச் சுற்றுலா நடத்துநரிடமோ கடற்கரை விடுதியிலோ ஒப்படைக்கும்போது, படகு புதிதா, சாப்பாடு உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். கிளம்பும் முன் பிள்ளைகளைக் கவிழ்த்து ஏறப் பழக்குவீர்களா? குழுவின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று பயிற்றுநர்கள் வருவார்களா? காற்று அதிகமானால் பயணத்தை ரத்துசெய்து பணத்தைத் திருப்பித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்குகிறவரிடம் என் பிள்ளையை நான் அனுப்ப மாட்டேன். காசு திரும்பாது என்பதாலேயே கிளம்பிப் போன பயணங்கள் எத்தனையோ!

இளையர்களுக்கு ஒன்று. இங்கே ஒரு நட்சத்திரச் சான்றிதழ் வகுப்பிலேயே படகைக் கவிழ்த்துப் பழகும் பயிற்சி உண்டு. சான்றிதழ் வாங்கியதும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு போங்கள். இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழுங்கள், ஏறுங்கள். பிறகு கால் எட்டாத இடத்தில் செய்யுங்கள். பிறகு, பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது, கரையை நோக்கிக் காற்று வீசும் ஒரு நாளில், கை களைத்த பிறகு செய்யுங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். இரண்டு நிமிடத்துக்குள் வந்ததும் உபின் தீவைச் சுற்றும் திட்டத்தைப் பேசலாம்.

நேரம் முடிந்துவிட்டதாக நடுவர் மணியடிக்கிறார். நீரோட்ட அட்டவணை பார்ப்பது பற்றியும், கப்பல் பாதையைக் குறுக்கே கடப்பது பற்றியும் நேயர்கள் கேட்டால் கேள்வி நேரத்தில் சொல்கிறேன்.